குப்பிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வைத்திருக்கும் வீடுகளில், ஷீட் அடிக்கும் மெஷின் கிடக்கும் ஷெட்டின் மூலையில் ஒரு ஆசிட் கன்னாஸ், அதாவது கேன், இருக்கும். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட். எங்கள் வீட்டிலும் இருந்தது. தினமும் பெரிய கன்னாஸைத் தூக்கிச் சரிக்க வேண்டாமே என்று, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு பழைய சர்பத் குப்பியில் ஊற்றி வைப்பார்கள். ஒருநாள் உச்சி வெயிலில் தோட்டத்திலிருந்து வந்த சித்தப்பா அந்தக் குப்பியை எடுத்து மூடியைத் திறந்து வாய்வரை கொண்டுபோய்விட்டார். மூக்கில் ஏறிய நெடிதான் அவரைக் காப்பாற்றியது. அன்று வீட்டில் நடந்த சண்டையில் எல்லோரும் ஆசிட்டைத்தான் திட்டினார்கள். சர்பத் குப்பியை யாரும் திட்டவில்லை.

பல வருடம் கழித்துத் தாதுமணல் பிரிக்கும் ஒரு ஆலையின் சோதனைக்கூடத்திலும், பிறகு அதன் ஸ்டோரிலும் வேலை பார்த்தேன். முதல் நாள் ஸ்டோரை ஒப்படைத்த பெரியவர் சாவிக்கொத்தைக் கையில் தருமுன் ஒன்று சொன்னார். “மக்களே, குப்பிக்குள்ள என்ன இருக்குன்னு எல்லாரும் பாப்பாவ. நீ குப்பிக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு பாரு.” சுரங்கத்தில் ஆபத்தான ரசாயனங்களை எப்படி வைப்பது, எப்படிக் கையாள்வது என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டி வரும்போதெல்லாம் நான் இந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறேன். இந்தக் கட்டுரையும் அப்படித்தான்.

நம் மாவட்டத்தில் சுரங்கம் என்றால்

சுரங்கம் என்றதும் பூமிக்கடியில் இருட்டுக் குகை நினைவுக்கு வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படி இல்லை. இங்கே இரண்டு வகை: கடற்கரையில் கறுப்பு மணல், உள்நாட்டில் கல்குவாரி.

கறுப்பு மணலின் கதை கயிற்றில் தொடங்குகிறது. திருவிதாங்கூர் கடற்கரையிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-இல் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் காஸ் விளக்கில் வெளிச்சம் தரும் வலையான மேன்டில் செய்யத் தோரியம் வேண்டியிருந்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்தத் தேடல் வந்து நின்ற இடம் மணவாளக்குறிச்சி. இன்று அங்கே 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான இந்திய அருமணல் நிறுவனம் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் பிரித்தெடுக்கிறது.

கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும் ஒரு விஷயம்: இந்த மணலைப் பிரிக்க ரசாயனம் அதிகம் வேண்டாம். கனமான மணியும் லேசான மணியும் ஓடும் தண்ணீரில் தனித்தனியாகப் பிரியும். காந்தத்தில் ஒட்டுவது இல்மனைட், ஒட்டாதது சிர்கான். மின்சாரம் கடத்துவது ஒரு பக்கம் விழும், கடத்தாதது இன்னொரு பக்கம். மோனசைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து உடைக்கும் ரசாயன வேலை 1952 முதல் கேரளத்து ஆலுவாயில்தான் நடந்தது. கர்நாடகத்துத் தங்கச் சுரங்கங்களைப் போல சயனைடு தொட்டி எதுவும் இங்கே இல்லை.

அப்படியானால் ஆபத்தான ரசாயனம் எங்கே இருக்கிறது? சுற்றிலும் இருக்கிறது. டோசருக்கும் லாரிக்கும் டீசல். பேட்டரிக்கு சல்ஃப்யூரிக் அமிலம். வெல்டிங் ஷெட்டில் ஆக்சிஜனும் அசிட்டிலீனும். சோதனைக்கூடத்தில் இருபது முப்பது வகைக் குப்பிகள். கல்குவாரி என்றால் இத்தோடு வெடிமருந்து. சுரங்கத்தின் பிரதான வேலை இவை எதுவும் இல்லை என்பதால்தான் இவற்றின்மேல் யாருக்கும் கண் போவதில்லை. வருவதும் போவதும் ஸ்டோர்காரன் தலையில்.

எரிவது வேறு, எரிய வைப்பது வேறு

ரசாயனத்தின் ஆபத்தை ஒரு புதியவர் புரிந்துகொள்ள நான்கு குணம் தெரிந்தால் போதும்: எரிவது, எரிய வைப்பது, அரிப்பது, நஞ்சாவது. முதலாவது, மூன்றாவது, நான்காவது எல்லோருக்கும் புரியும். இரண்டாவதில்தான் பலரும் சறுக்குவார்கள். அதனால் அங்கே கொஞ்சம் நிற்கலாம்.

அடுப்பு எரிய விறகு வேண்டும், காற்று வேண்டும். காற்றில் உள்ள ஆக்சிஜன்தான் எரிய வைக்கிறது. ஊதுகுழலால் ஊதினால் தணல் சிவப்பது அதனால்தான். சில ரசாயனங்கள் இந்த ஆக்சிஜனைத் தங்களுக்குள்ளேயே சுமந்துகொண்டிருக்கின்றன. அவை தானாக எரியாமல் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் எரியக்கூடிய எதுவும் இருந்தால், வெளிக்காற்று இல்லாமலேயே மூர்க்கமாக எரிய வைத்துவிடும். நைட்ரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு, அம்மோனியம் நைட்ரேட் எல்லாம் இந்த ஜாதி.

அம்மோனியம் நைட்ரேட் பார்க்க யூரியா மாதிரிதான் இருக்கும், வெள்ளை மணி மணியாக. குவாரி வெடிமருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் அடிப்படை. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்துச் சிதறியது இதுவே. 2,750 டன், வருடக்கணக்கில் ஒரு கிடங்கில் கிடந்தது. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வாரமே சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் பறிமுதல் செய்து வைத்திருந்த சுமார் 700 டன் ஞாபகத்துக்கு வந்து, அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அதற்கு முன்பே 2012-இல் இந்தப் பொருளுக்கென்று தனி விதிகள் வந்துவிட்டன. உரிமம் இல்லாமல் வைக்க முடியாது. விதியின் சாரம் ஒரு சமையற்காரருக்கும் புரியும்: டீசல், எண்ணெய், மரத்தூள், சாக்கு, உலோகத்தூள் எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது.

மரத்தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மரஅறுவை மில்லுக்குக் குறைவில்லை, அறுப்புத்தூள் சும்மாவே கிடைக்கும். தரையில் எண்ணெய் சிந்தினால் அதைத் தூவிக் கூட்டி அள்ளுவது பழக்கம். எண்ணெய்க்கு அது சரி. அதே பழக்கத்தில் சிந்திய நைட்ரிக் அமிலத்தின்மேல் அறுப்புத்தூளைப் போட்டால் புகைந்து தீப்பிடிக்கும். சுத்தம் செய்வதாக நினைத்து அடுப்பு மூட்டிவிடுகிறோம். அங்கே போட வேண்டியது காய்ந்த மணல். மணல் ஆலையில் உட்கார்ந்துகொண்டு மணலைத் தேட வேண்டியதில்லைதானே!

அகர வரிசை ஒரு பொறி

நான் ஸ்டோரைப் பொறுப்பேற்றபோது குப்பிகள் எல்லாம் அகர வரிசையில் அழகாக அடுக்கியிருந்தன. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் தமிழ் ஆர்வத்தோடு பெயர்ச்சீட்டுகளைத் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். பெரியவர் சிரித்தார். “சயனைடுக்கு அடுத்தாப்புல எது வரும்? சல்ஃப்யூரிக் அமிலம். ரெண்டும் ஒடஞ்சு கலந்தா என்ன வரும்? ஹைட்ரஜன் சயனைடு வாயு. அதுக்கு அப்புறம் வரிசையைப் படிக்க ஆள் இருக்காது.” எங்கள் ஸ்டோரில் சயனைடு இல்லை. ஆனால் ‘ஹை’யில் தொடங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரே தட்டில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. அவை கலந்தால் குளோரின் வரும்.

ஆகவே பெயரைப் பார்த்து அடுக்கக்கூடாது, குணத்தைப் பார்த்து அடுக்க வேண்டும். எரிபவை ஓரிடம், எரிய வைப்பவை அவற்றிலிருந்து தள்ளி வேறோர் இடம், அமிலம் ஒரு பக்கம், காரம் எதிர்ப்பக்கம். சரி, அமிலங்களை எல்லாம் ஒன்றாக வைக்கலாமா என்றால், அதுவும் இல்லை. ஆசிட்டும் ஆசிட்டும் அண்ணன் தம்பி என்று நினைத்துவிடக்கூடாது. நைட்ரிக் அமிலம் எரிய வைக்கும் ஜாதி; நம் ரப்பர் ஷெட் ஃபார்மிக் அமிலமும், அசிட்டிக் அமிலமும் எரியக்கூடிய கரிமப் பொருள்கள். இவற்றைச் சேர்த்து வைத்தால் தகராறுதான். அடர்ந்த சல்ஃப்யூரிக் அமிலம் ஃபார்மிக் அமிலத்தில் உள்ள நீரை உறிஞ்சிக்கொண்டு கார்பன் மோனாக்சைடைக் கிளப்பிவிடும். அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. யாரும் கலக்காவிட்டால்கூட அடர்ந்த ஃபார்மிக் அமிலம் மெதுவாகத் தானே அந்த வாயுவை விடும். மூடியை இறுக்கி வெயிலில் வைத்த கன்னாஸ் சில நாளில் கர்ப்பிணி மாதிரி உப்பி நிற்பதை ரப்பர்காரர்கள் பார்த்திருப்பார்கள். காற்றோட்டமும் நிழலும் கேட்பது அதனால்தான்.

அலமாரியில் எது மேலே, எது கீழே என்பதும் முக்கியம். திரவம் கீழ்த்தட்டில், பொடி மேல்தட்டில். திரவம் ஒழுகினால் பொடியின்மேல் விழக்கூடாது. கண் உயரத்துக்கு மேலே அமிலமே வேண்டாம். எடுக்கும்போது கை நழுவினால் முதலில் நனைவது முகம்.

குப்பி, மூடி, சீட்டு

எந்தப் பொருள் எந்தப் பாத்திரத்தில் என்பது சுவையான பாடம். அமிலம் என்றால் கண்ணாடிக் குப்பி என்று பள்ளிக்கூடத்தில் பழகியிருப்போம். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தை மட்டும் கண்ணாடியில் ஊற்ற முடியாது. மணலில் எவ்வளவு சிலிக்கா இருக்கிறது என்று பார்க்கச் சோதனைக்கூடத்தில் இது பயன்படும், ஏனென்றால் இது சிலிக்காவையே கரைத்துவிடும். கண்ணாடியும் சிலிக்காதானே, உருக்கிய மணல்! குப்பியையும் சேர்த்துத் தின்றுவிடும். ஆகவே பிளாஸ்டிக் குப்பி. இந்த அமிலத்தின் இன்னொரு சூழ்ச்சி, நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே வலிக்காது. ஒன்றுமில்லை என்று துடைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அது உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி தொடங்கும்போது ராத்திரி ஆகியிருக்கும். இந்த அமிலம் இருக்கும் அறையில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருக்க வேண்டும். ஜெல் இல்லையென்றால் அன்று வேலை இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய எதிரி: உப்புக்காற்று. கடலுக்கு ஒரு கிலோமீட்டரில் இரும்பு டிரம்மைத் தரையோடு வைத்தால், மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே அடிப்பாகம் துருவேறி மெலிந்துவிடும். தூக்கும் அன்றைக்குத்தான் அடி கழன்று வரும். அதனால் டிரம்முக்கு அடியில் மரச்சட்டம். ஃபோர்மேன் கையில் டார்ச் லைட், மாதம் ஒருமுறை குனிந்து அடியைப் பார்ப்பது. சீட்டும் அப்படித்தான். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. வருடத்தில் பாதி நாள் ஈரம். காகிதச் சீட்டு ஊறி உதிர்ந்துவிடும். பெயரில்லாத குப்பியைவிட ஆபத்தான குப்பி கிடையாது. “இது தண்ணியாத்தான் இருக்கும்” என்று யாராவது சொல்லும் குப்பியைத் தண்ணீர் என்று எடுக்கவே கூடாது. சர்பத் குப்பி, தண்ணீர் பாட்டில், குளிர்பானப் பாட்டில் எதிலும் ரசாயனத்தை மாற்றி ஊற்றுவதை ஸ்டோரில் நான் மன்னித்ததே இல்லை. ஏன் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

சீட்டில் எழுத்து தெரியாதவருக்கும் புரிவதற்காக உலகம் முழுக்க ஒரே மாதிரிப் படங்கள் வைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பின்னணி, சிவப்பு ஓரம், சாய்ந்த சதுரம்; உள்ளே கறுப்புப் படம். மொத்தம் ஒன்பது. தீச்சுடர் என்றால் எரிவது. ஒரு வட்டத்தின் மேல் சுடர் என்றால் எரிய வைப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் அபூர்வம், வட்டம்தான் அடையாளம். கையின்மேலும் உலோகத்தின்மேலும் சொட்டு விழுவது அரிப்பது. மண்டையோடு சொல்லவே வேண்டாம். மனித நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு படம் உண்டு. அது இன்றைக்கு ஒன்றும் செய்யாது, பத்து வருடம் கழித்து நுரையீரலிலோ கல்லீரலிலோ காட்டும் என்று அர்த்தம். மண்டையோட்டுக்குப் பயப்படும் நம்மாட்கள் இந்தப் படத்துக்குப் பயப்படுவதில்லை. எனக்கு அதிகம் பயம் இதில்தான்.

ஒவ்வொரு பொருளோடும் பாதுகாப்புத் தரவுத்தாள் ஒன்று வர வேண்டும். பதினாறு பகுதிகள். முழுக்கப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. புதியவர் நாலாவது, ஏழாவது, பத்தாவது பகுதிகளை மட்டுமாவது படித்துவிட வேண்டும். நாலாவது முதலுதவி. ஏழாவது எப்படிக் கையாள்வது, எப்படி வைப்பது. பத்தாவது எதனோடு சேரக்கூடாது. பெரியவர் சொன்ன ‘பக்கத்தில் என்ன’ என்பதன் அச்சடித்த வடிவம் அது.

எண்ணும் பேசும். நாகர்கோவில் திருவனந்தபுரம் சாலையில் முன்னால் போகும் டேங்கர் லாரியின் பின்புறத்தைப் பாருங்கள். 1203 என்றால் பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் காஸ். இவை ஐ.நா. கொடுத்த எண்கள். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 1942. லாரி கவிழ்ந்தால் தீயணைப்பு வீரர் டிரைவரை எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை.

தொட்டிக்குள் தொட்டி

டீசல் டேங்க்கைச் சுற்றி இடுப்பளவு கூட இல்லாத ஒரு சுவர் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கலாம். டேங்க் உடைந்தால் மொத்த டீசலும் அந்தச் சுவருக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பது கணக்கு. உள்ளே இருக்கும் மிகப் பெரிய டேங்க்கின் கொள்ளளவில் 110 சதவீதம் கொள்ள வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவு. 10,000 லிட்டர் டேங்க் என்றால் 11,000 லிட்டர். நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் இடத்தில் சுவர் எழுபது சென்டிமீட்டர் உயரம் இருந்தால் 11,200 லிட்டர் நிற்கும், போதும்.

கணக்கு சரி, மழை? வெளியேற்றாமல் விட்டால் மழைக்காலத்தில் அந்தத் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்துவிடும். நிறைந்த தொட்டியில் டீசலுக்கு இடம் ஏது? அதற்காக அடியில் ஒரு வால்வு வைத்திருப்பார்கள். நான் பார்த்த ஒரு இடத்தில் மழைக்காலம் முழுக்க அந்த வால்வைத் திறந்தே போட்டிருந்தார்கள், தினமும் யார் வந்து திறப்பது என்று. சுவர் அழகாக வெள்ளையடித்து, ‘புகைபிடிக்காதே’ என்று எழுதி, அடியில் ஓட்டை. வால்வு மூடியே இருக்க வேண்டும். மழை விட்டதும் ஒருவர் போய், தண்ணீரின்மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திறந்துவிட்டு, நின்று மூடிவிட்டு வர வேண்டும். கடற்கரை மணலில் விழுந்த டீசல் தங்காது, நேரே இறங்கும். கீழே நல்ல தண்ணீர் கிடைப்பது சில அடி ஆழத்தில். அதைத்தான் பக்கத்து வீட்டுக் கிணறு கொடுக்கிறது.

டீசல் சீக்கிரம் பிடிக்காது என்று ஒரு தைரியம் உண்டு. நம் நாட்டு டீசல் தீப்பற்றும் ஆவியை விடத் தொடங்கும் வெப்பநிலைக்குத் தரநிர்ணயம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 35 டிகிரி. சித்திரை வெயிலில் நிற்கும் இரும்பு டேங்க்கின் முதுகு அதைத் தாண்டிவிடும்.

கறுப்பு மணலை மூழ்கடிக்கும் குப்பி

சோதனைக்கூடத்தில் என்னை முதலில் மயக்கிய காட்சி இது. ஒரு கண்ணாடிப் புனலில் புரோமோஃபார்ம் என்ற திரவத்தை ஊற்றி, அதில் கடற்கரை மணலை ஒரு கரண்டி போடுவார்கள். தண்ணீரைப்போல 2.89 மடங்கு கனமான திரவம் அது. வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், 2.65 மடங்குதான், அது மேலே மிதக்கும். மணல் மிதப்பதை அன்றுதான் பார்த்தேன்! இல்மனைட் 4.7, சிர்கான் 4.6, மோனசைட் 5-க்கும் மேல். அவை கறுப்பும் தேன்நிறமுமாகச் சுழன்று கீழே இறங்கும். அடியில் உள்ள குழாயைத் திறந்து அதை மட்டும் எடுத்து எடை போட்டால், அந்த மணலில் எத்தனை சதவீதம் தாது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு அழகான வேலையைச் செய்யும் திரவம் கல்லீரலுக்கு நஞ்சு. இனிப்பான வாசனை, குளோரோஃபார்ம் மாதிரி. கெட்ட நெடி என்றால் நாமே விலகுவோம். இனிய வாசனை விலக்காது. ஆவி காற்றைவிடப் பல மடங்கு கனம், அதனால் மேசையிலிருந்து வழிந்து தரையோரம் தங்கும். கூரையில் ஓடும் ஃபேன் அதைக் கலக்கிவிடுமே தவிர வெளியேற்றாது. ஆவி உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும், கண்ணாடிக் கதவை மார்புக்குக் கீழே இறக்கி. வெளிச்சம் பட்டால் இந்தத் திரவம் கெட்டு மஞ்சளாகும். ஆகவே பழுப்பு நிறக் குப்பி, மூடிய அலமாரி. நிறமில்லாமல் வாங்கியது மஞ்சளாகிவிட்டது என்றால், அலமாரியை யாரோ திறந்து போட்டிருக்கிறார்கள். இப்போது பல இடங்களில் இதற்குப் பதில் சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசல் வந்துவிட்டது. விலை அதிகம், நஞ்சு மிகக் குறைவு. ஆபத்தான பொருளைக் கவனமாகக் கையாள்வதைவிட அதை வாங்காமலிருப்பது எளிது. முடிந்த இடத்தில் எல்லாம் அதைச் செய்யலாம்.

மோனசைட்டைப் பற்றியும் கேட்பார்கள். அது குப்பியில் வரும் ரசாயனம் இல்லை, ஆனாலும் ஆபத்துப் பட்டியலில் உண்டு. தோரியத்தின் கதிர்வீச்சு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பில்தான் சேர்த்து வைக்க முடியும். அங்கே பாடம் தூசு, தூரம், நேரம்: தூசைச் சுவாசிக்காதே, தள்ளி நில், தேவைக்கு மேல் நிற்காதே.

கையுறை, சிலிண்டர், வெடி

நம் மாவட்டம் ரப்பருக்குப் பேர்போனது. அதனால் ரப்பர் கையுறை எதையும் தாங்கும் என்று நமக்கு ஒரு பெருமை. நீர்த்த அமிலம், காஸ்டிக் சோடா இவற்றுக்கு இயற்கை ரப்பர் நன்றாகவே தாங்கும். டீசல், கிரீஸ், ஆயில் பட்டால் ஊறி உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். அதற்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை. புரோமோஃபார்ம் நைட்ரைலையும் சீக்கிரம் கடந்துவிடும். ஒரு சொட்டு பட்டாலும் உடனே கழற்றிப் போட வேண்டும். துணி மாஸ்க் தூசைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்கவே தடுக்காது. ஆவிக்குக் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி, அதிலும் அந்த ஆவிக்கென்று உள்ள கார்ட்ரிட்ஜ்.

வெல்டிங் ஷெட்டில் கறுப்பு சிலிண்டர் ஆக்சிஜன், அரக்கு நிறம் அசிட்டிலீன். அசிட்டிலீனைப் படுக்க வைக்கக்கூடாது. உள்ளே அது அசிட்டோனில் கரைந்து இருக்கிறது, படுத்தால் அசிட்டோன் வழிந்து வரும். ஆக்சிஜனில் வேறு சிக்கல். கடல் காற்றில் வால்வு இறுகிப் போகும். திருகிப் பார்த்துத் திறக்காதபோது நம்மாளுக்குத் தோன்றுவது இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். பூட்டுக்கும் தாழ்ப்பாளுக்கும் விட்டுப் பழகிய கை. ஒரு பையன் எண்ணெய்க் குப்பியோடு குனிந்ததை நான் தூரத்திலிருந்து பார்த்துக் கத்தினேன், “லே மக்கா, கைய எடு!” அழுத்தத்தில் பாயும் ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் தீப்பொறியே தேவையில்லை. பையன் முகம் வெளிறிவிட்டது. என் முகமும்தான். இறுகிய வால்வை எண்ணெய் விட்டும் திறக்கக்கூடாது, சுத்தியலால் தட்டியும் திறக்கக்கூடாது. சீட்டு கட்டி, சப்ளை செய்தவரிடமே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

குவாரி வெடிமருந்தைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. அது உரிமமும் சான்றிதழும் உள்ளவர் கை மட்டும் தொட வேண்டிய வேலை. புதியவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு. வெடிமருந்துத் தோட்டாவும் அதை வெடிக்க வைக்கும் டெட்டனேட்டரும் ஒரே பெட்டியில், ஒரே அறையில் இருக்கவே கூடாது. இதுவும் ‘பக்கத்தில் என்ன’ என்பதன் வேறொரு உருவம்தான். இரண்டாவது, தோவாளைப் பக்கம் மலை மேல் இடி முழங்கத் தொடங்கினால் வெடிவைக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் விலக வேண்டும். லோடு குறைந்தாலும் பரவாயில்லை.

சிந்திவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் சிந்தும். முதலில் பார்க்க வேண்டியது தரையை இல்லை, காற்றை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆடி மாதம் அந்தப் பக்கம் நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொள்ளவே ஒரு கை வேண்டும். அந்தக் காற்றில் ஒரு வாயுக்கசிவு எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் ஓடினால், அதோடு சேர்ந்தே ஓடுவோம். காற்று நம் முதுகில் படக்கூடாது, முகத்தில் பட வேண்டும். காற்று வரும் திசையை நோக்கி விலக வேண்டும்; கசிவே அந்தப் பக்கம் இருந்தால் முதலில் காற்றுக்குக் குறுக்காக விலக வேண்டும்.

அமிலத்தைத் தண்ணீரில் கலக்கும்போது அமிலத்தை மெதுவாகத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் அந்தச் சூட்டில் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் தண்ணீர், வேறு எதுவும் இல்லை. குறைந்தது 15 நிமிடம், இமையைக் கையால் திறந்து பிடித்துக்கொண்டு. பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது கண் எரியும்போதுதான் தெரியும். பக்கத்தில் ஒருவர் நின்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுவோம். தேங்காய் எண்ணெய், தாய்ப்பால், பற்பசை எல்லாம் வீட்டு வைத்தியப் பெட்டியிலேயே இருக்கட்டும். அமிலம் பட்ட தோலில் சோடாப்பொடி கரைத்து ஊற்றுவதும் கூடாது. விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்கக்கூடாது. இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போது மறுபடி சுடும். 108-க்குப் போன். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோகும்போது, அந்தப் பொருளின் தரவுத்தாளையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். “ஏதோ ஆசிட் சார்” என்று சொன்னால் டாக்டர் என்ன செய்வார்?

கடைசியில் காலிப் பாத்திரம். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் பொல்லாதது. நிறைந்ததில் ஆவிக்கு இடமில்லை; காலியில் உள்ளே முழுக்க ஆவிதான். அதை வெட்டித் தொட்டி செய்யலாம் என்று வெல்டர் தீயைக் கொண்டுவந்தால் அது வெடிகுண்டு. ரசாயனம் படிந்த காலிப் பாத்திரமே ஆபத்தான கழிவு என்று 2016-இல் வந்த விதிகளில் இருக்கிறது. 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, அங்கீகாரம் உள்ளவருக்குத்தான் கொடுக்கவும் முடியும்.

ஆனால் நம் ஊரில் நீலக் கேனுக்கு இருக்கும் மவுசு உங்களுக்குத் தெரியும். எங்கள் ஸ்டோர் வாசலில் வாரம் ஒருவராவது வந்து நிற்பார். பக்கத்து ஊர் அக்கா ஒருவர் பசுவுக்குத் தண்ணீர் வைக்க ஒரு ஆசிட் கேன் கேட்டு மூன்று முறை வந்தார். நாலாவது முறை, அலசி அடுக்கியிருந்த கேன்களில் ஒன்றைத் தானே தூக்கி, தலைகீழாகத் திருப்பி, அடியில் நாங்கள் போட்டிருந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

“என்ன தம்பி, எல்லாத்துலயும் ஓட்டை போட்டு வச்சிருக்கியளே?”

“ஆமா அக்கா,” என்றேன், “நீங்க வருவியன்னு தெரியும்.”